திருப்பிச் சுத்துலே, பேராண்டி

ஏலே, நேத்து ராத்திரி ஒரு மணிக்கு உன் போர்வைக்குள்ள வெளிச்சம் தெரிஞ்சுது. உங்க ஆச்சி பயந்துட்டா, பயலைக் காத்துக் கருப்பு அண்டிட்டுன்னு. நான்தான் "சும்மா படு, அவன் இங்கிலீஷ் படிக்கான்"னு அடக்கி வச்சேன். காலையில கேட்டா நீயும் அதையேதான் சொல்லுத: "படம் பாக்கல தாத்தா, வொக்காபுலரி ஏத்துதேன்." ஏத்து ராசா, ஏத்து. வண்டியில வைக்கோல் ஏத்துத மாதிரி ஏத்து. எனக்கு ஒரே ஒரு சந்தேகம், கயிறு போட்டுக் கட்டுனியா? கட்டாம ஏத்துன வைக்கோல் களத்துக்கு வந்து சேரும்போது மாடும் நுகத்தடியும்தான் மிச்சம் இருக்கும்.

இந்தக் கெழவனுக்கு என்ன தெரியும்னு உதட்டைச் சுழிக்காத. நான் டூரிங் டாக்கீஸ்ல ஆபரேட்டரா இருந்தவன். கீத்துக் கொட்டகை, மணல் தரை, ஒத்தை புரொஜெக்டர். மெசின் ஒண்ணுதாங்கதால ரீல் மாத்தும்போதெல்லாம் இடைவேளை. ஒரு படத்துக்கு மூணு இடைவேளை வரும், முறுக்கு விக்கவனுக்குக் கொண்டாட்டம். ஆயிரம் அடி பிலிம் ஓட 11 நிமிசம், நொடிக்கு 24 படம். அந்தக் கணக்கு எல்லாம் எனக்குப் பாடம். அந்த ரீல் டப்பாவுல ஒட்டியிருந்த சீட்டுதான் என் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். ஹெட், டெயில், எண்ட், ரீவைண்ட். மொத்தம் நாலு வார்த்தை. 'டெயில்' எப்படி மனசுல ஒட்டிச்சு தெரியுமா? ஒரு நாள் அவசரத்துல வாலைத் தலைன்னு நெனச்சு மாட்டிட்டேன். திரையில ஆளுக தலைகீழா, பின்பக்கமா நடந்து போறாவ. சனம் மண்ணை அள்ளி மெசின் ரூம் ஓட்டைக்குள்ள வீசிச்சு. கண்ணுல விழுந்த மண்ணு அன்னிக்கே போயிட்டு. 'டெயில்' இன்னும் போகல.

நீ மொத மாசம் தமிழ் சப்டைட்டில் போட்டுப் பாத்தல்லா, அருமையான யோசனை. ஒரு தொந்தரவு கிடையாது. அவன் இங்கிலீஷ்ல பேசுதான், நீ தமிழ்ல படிக்க. கதையும் புரியுது, தமிழ் வாசிப்பும் நல்லா முன்னேறுது. மூணாங்கிளாஸ்ல வாத்தியாரு பிரம்பெடுத்தும் முடியாததை அந்தப் படம் முடிச்சிட்டு. நானும் ஒரு நாள் பக்கத்துல உக்காந்து பாத்தேன். வில்லன் ஒருத்தன் மூச்சுவிடாம அரை நிமிசம் வையுதான். முகம் செவக்கு, நரம்பு புடைக்கு. கீழ என்ன வருது? 'அடச்சே'. எதிராளி பதிலுக்கு வையுதான். அதுக்கும் 'அடச்சே'. நம்ம ஊரு குழாயடியில ஒரு வசவுக்கு ஒம்பது மறுவசவு உண்டு. அங்க வந்து நின்னு 'அடச்சே'ன்னு மட்டும் சொல்லிப் பாரு, குடத்தைப் புடுங்கிட்டு உன்னை வீட்டுக்கு அனுப்பிருவாளுக.

எங்க தாத்தா காலத்துல படத்துக்கு வாய் கிடையாது. 1931-ல 'காளிதாஸ்' வந்துதான் தமிழ்ப் படம் பேச ஆரம்பிச்சுது. அதுக்கு முந்தி காட்சிக்கு நடுநடுவுல எழுத்துதான் வரும். பாதி சனத்துக்குப் படிக்கத் தெரியாதுங்கதால திரைக்குப் பக்கத்துல ஒருத்தர் நின்னு உரக்கச் சொல்லுவாரு. அவருதான் நமக்கு மொத சப்டைட்டில், வெத்தல போட்டுக்கிட்டே பேசுத சப்டைட்டில். கதையை ருசியாச் சொல்லுவாரு, ஆனா அவர் சொல்லக் கேட்டு எழுத்தறிஞ்சவன்னு எங்க தெருவுல ஒருத்தன் கிடையாது. உன் தமிழ் சப்டைட்டிலும் அந்த மனுசன்தான். கதைக்கு அவர் போதும். வார்த்தைக்கு ஆகமாட்டாரு.

இதைப் பெரிய படிப்புப் படிச்ச ஒருத்தரும் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டாரு. பிரிஜ் கோத்தாரின்னு பேரு. பொறவு அகமதாபாத் ஐ.ஐ.எம்.ல வாத்தியாரா இருந்தவரு. 1996-ல அமெரிக்காவுல இத்தாக்காங்கிற ஊர்ல படிச்சுக்கிட்டு இருக்கும்போது, ஸ்பானிஷ் கத்துக்கணும்னு ஆசைப்பட்டுக் கூட்டாளிகளோட உக்காந்து அல்மோதவார் எடுத்த ஸ்பானிஷ் படம் பாத்திருக்காரு. கீழ இங்கிலீஷ் ஓடுது. இந்த இங்கிலீஷை வச்சு நான் என்ன செய்ய, ஸ்பானிஷ் பேச்சுக்கு ஸ்பானிஷ்லயே எழுத்து வந்தா இல்லா கத்துக்கிடலாம்னு தோணியிருக்கு. அந்த நெனப்பைப் பொத்தி ஊருக்குக் கொண்டாந்து, 1999-ல தூர்தர்ஷன் குஜராத்திப் பாட்டு நிகழ்ச்சியில பாட்டு வரியைக் குஜராத்தியிலேயே கீழ ஓட விட்டாரு. பாடப் பாட எழுத்து நிறம் மாறும். 2002-ல 'சித்ரஹார்' இந்திப் பாட்டுக்கும் வந்துது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறுதவன் பாட்டோட சேர்ந்து படிச்சிருவான், படிக்கோம்னே தெரியாம. காது கேக்கதும் கண்ணு பாக்கதும் ஒரே பாசையில இருக்கணும், அவ்வளவுதான் சூட்சுமம்.

இங்கிலீஷுக்கு இது ரெண்டு மடங்கு அவசியம், ஏன்னா அந்தப் பாசை எழுதுதது ஒண்ணு, பேசுதது ஒண்ணு. பட்டாளத்து அதிகாரியை 'கொலொனெல்'னு எழுதிட்டுக் 'கர்னல்'னு கூப்பிடுதான். 'ரிசீட்'டுக்கு நடுவுல ஒரு 'ப'வைச் சும்மா உக்கார வச்சிருக்கான், கல்யாண வீட்டுல ஒண்ணுவிட்ட மாமனை உக்கார வச்ச மாதிரி. எழுந்திரிக்கவும் மாட்டாரு, பேசவும் மாட்டாரு. புத்தகத்துல மட்டும் படிச்சவன் அந்த மாமனையும் பேச வச்சுருவான், நாலு பேரு முன்னால அசிங்கப்படுவான். காதால மட்டும் கேட்டவனுக்கு எழுதத் தெரியாது. ரெண்டையும் ஒரே நேரத்துல காட்டுதது இந்தக் கீழ்வரி ஒண்ணுதான்.

சரி, நீ இப்ப இங்கிலீஷ் பேச்சு, இங்கிலீஷ் எழுத்துன்னு மாறிட்ட. சந்தோசம். ஆனா ஒண்ணு கவனிச்சேன். அதுல அடைப்புக்குறிக்குள்ள சின்னதா என்னமோ வருதுல்லா, அதை நீ ஏறிட்டும் பாக்கல. அட மடையா, புதையலே அங்கதான் இருக்கு.

அது காது கேளாத சனத்துக்காக எழுதுனது. 1972-ல அமெரிக்காவுல பாஸ்டன் டிவிக்காரன், ஜூலியா சைல்டுங்கிற அம்மா சமைச்சுக் காட்டுத நிகழ்ச்சியிலதான் மொதல்ல பேச்சை எழுத்தாப் போட்டான். 1980-ல இருந்து வேணும்னா வரவச்சுக்கிட, வேண்டாம்னா மறைச்சுக்கிடன்னு ஆச்சு. காது கேக்காதவுகளுக்குப் பேச்சை மட்டும் எழுதுனா போதுமா? வெளியில இடி இடிச்சது, கதவு தொறந்தது, ஒருத்தி மூக்கை உறிஞ்சினது எல்லாம் சொல்லணும்லா? அதான் அந்த அடைப்புக்குறி. இங்கிலீஷ்காரன் சத்தத்துக்கு வச்சிருக்க பேரு பூரா அதுக்குள்ள இருக்கு. அதுவும் எப்படி, சத்தம் கேக்குத அதே நொடியில எழுத்தும் வரும். அகராதி இல்ல, வாத்தியாரு இல்ல, சத்தமே வந்து 'என் பேரு இது'ன்னு சொல்லிட்டுப் போகும்.

போன வாரம் திண்ணையில உக்காந்து உனக்குப் பரீட்சை வச்சேனே, ஞாபகம் இருக்கா? உங்க ஆச்சி கரண்ட் பில்லைப் பாத்து ஒரு மூச்சு விட்டா. அதுக்கு என்னலே பேருன்னேன். நீ முழிச்ச. 'சை'. அடைப்புக்குறிக்குள்ள அது வராத படமே கிடையாது. உங்க சித்தி, பக்கத்து வீட்டுக்காரி புதுச் சேலையைப் பாத்து மூக்கால ஒரு 'ஹும்' விடுவாளே, அது 'ஸ்காஃப்'. அதே சித்தி சேலை விலையைக் கேட்டதும் மூச்சு 'ஹக்'குன்னு உள்ள போச்சே, அது 'காஸ்ப்'. காத்துல பனையோலை ஒண்ணோட ஒண்ணு உரசுனா 'ரஸ்லிங்'. உங்க சித்தப்பன் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டுச் நெல்லு மூட்டையைத் தூக்கும்போது தொண்டையில இருந்து வந்துதே, 'க்ரன்ட்'. நம்ம நடைக்கதவு இருக்கே, அது தொறக்கும்போதும் மூடும்போதும் 'க்ரீக்'. எங்க அய்யா காலத்துக் கதவு. இத்தனை வருசமா இங்கிலீஷ் பேசிக்கிட்டு இருக்கு, நமக்குத்தான் புரியல. இன்னொண்ணு அடிக்கடி வரும், 'இன்டிஸ்டிங்க்ட் சாட்டர்'னு. என்ன பேசுதாங்கன்னு புரியாத பேச்சுச் சத்தம். அதைப் பாத்ததும் எனக்கு நம்ம டீக்கடை ஞாபகம் வந்துட்டு. இருபது பேரு பேசுதானுவ, ஒருத்தன் பேச்சும் வெளங்காது, ஆனா அரசாங்கத்தையே கவுத்துட்டுத்தான் எழுந்திரிப்பானுவ.

இதை விட்டுட்டு நீ எதை எழுதி வச்சிருக்க? உன் நோட்டைப் பாத்தேன். கோவப்படாத, ரேசன் கார்டு தேடும்போது கையில சிக்கிச்சு. 'ஹோஸ்டேஜ்', 'ரான்சம்', 'அஸாசின்', 'டெட்டனேட்டர்', 'வாரண்ட்'. பக்கம் பக்கமா இதான். ஏலே, நீ வேலைக்குப் போகப்போறியா, கொள்ளைக்கூட்டத்துல சேரப்போறியா? வெடிகுண்டுல செவப்பு வயரை வெட்டவா நீல வயரை வெட்டவான்னு கேக்க உனக்கு இங்கிலீஷ் வரும். வாடகைக்கு வீடு கேக்க வராது. தோசைக்கரண்டிக்கு வராது, தலையணை உறைக்கு வராது, 'சில்லறை இல்லீங்க'ன்னு சொல்ல வராது. எந்தக் கொட்டகைக்குப் போறியோ அந்தக் கொட்டகை மண்ணுதான் வேட்டியில ஒட்டும். பேங்கிக்காரன், குமாஸ்தா, குடும்பச் சண்டை, வாடகை பாக்கி, மாமியார் வருகைன்னு வாரதைப் பாரு. அதுல குண்டு வெடிக்காது. ஆனா நாளைக்கு உனக்கு வேண்டிய வார்த்தை எல்லாம் அந்த அடுப்படியில நின்னுதான் பேசுவாவ.

இன்டர்வியூ கதையை நான் ஊர்ல யாருக்கும் சொல்லல. டீக்கடையில மட்டும்தான் சொன்னேன். அந்த ஆபீஸ்ல ஒரு அம்மா உன்னை மரியாதையா உக்கார வச்சு, நாலு பேரோட சேர்ந்து வேலை பாப்பியா தம்பின்னு இங்கிலீஷ்ல கேட்டிருக்கா. நீ நாற்காலியில சாஞ்சு, ஒரு கண்ணைச் சுருக்கி, "ஐ ஒர்க் அலோன்"னு சொல்லியிருக்க. உச்சரிப்பு பிரமாதமா இருந்திருக்கும், எனக்குச் சந்தேகமே இல்ல. அந்த அம்மாவும் உன் ஆசைப்படியே உன்னைத் தனியா விட்டுட்டா. வார்த்தை தெரிஞ்சா போதாது ராசா, அதை யாரு யார்கிட்ட எந்த நேரத்துல சொன்னான்னும் சேத்துப் படிக்கணும். படத்துல அதைச் சொன்னவன் இடுப்புல துப்பாக்கி இருந்துது. உன் இடுப்புல பஸ் பாஸ்தான் இருந்துது.

எத்தனை வார்த்தை வேணும்னு மலைச்சுப் போய் நிக்காத. ஸ்டூவர்ட் வெப், மைக்கேல் ராட்ஜர்ஸ்னு ரெண்டு பேரு 318 படத்துல வாரப் பேச்சை எடுத்து எண்ணி, 2009-ல எழுதியிருக்காவ. அடிக்கடி புழங்குத 3,000 வார்த்தைக் குடும்பம் தெரிஞ்சா, ஆளு பேரு ஊரு பேரையும் சேத்து, படத்துல வாரதுல நூத்துக்கு 95 கைக்குள்ள வந்துரும். குடும்பம்னா, 'ஒர்க்' தெரிஞ்சா 'ஒர்க்கிங்', 'ஒர்க்கர்' எல்லாம் அதே வீட்டுப் புள்ளைகதான்னு கணக்கு. மிச்சம், இருபது வார்த்தைக்கு ஒண்ணு. இருபது பருக்கைக்கு ஒரு கல்லு. சாப்பிட்டிரலாம், பல்லு கொஞ்சம் கூசும்.

ஆனா உன்னை மாட்டவைக்கது பெரிய வார்த்தை இல்ல, பொடி வார்த்தை. 'கெட்'. அதைப் போய் நோட்டுல எழுதுவானான்னு விட்டுட்ட. படத்துல ஒருத்தன் 'கெட் அப்'ங்கான், எழுந்திரிக்கான். 'கெட் இன்'ங்கான், கார்ல ஏறுதான். 'கெட் மேரிட்', கல்யாணம் ஆயிட்டு. 'கெட் லாஸ்ட்', கல்யாணம் முறிஞ்சிட்டு. 'ஐ காட் இட்', புரிஞ்சிட்டுங்கான். இது என்ன பாசைன்னு தலையில கைவச்ச. நம்ம பாசை மட்டும் என்ன ஒழுங்கு? சொவத்துக்கு வெள்ளை அடிக்கோம், தலைக்கு மொட்டை அடிக்கோம், தந்தி அடிச்சோம், கண்ணடிச்சோம், பரீட்சையில காப்பி அடிச்சோம், திண்ணையில அரட்டை அடிக்கோம். வெயில் அடிக்கு, கருவாடு நாத்தம் அடிக்கு, ஒருத்தனுக்கு லாட்டரி அடிக்கு. இத்தனையில ஒருத்தனும் ஒருத்தனையும் அடிக்கல. வெள்ளைக்காரன் ஒருத்தன் தமிழ் படிக்க வந்து 'அடி'ன்னா கம்பெடுக்கதுன்னு நோட்டுல எழுதுனா அவனை நீ என்ன சொல்லுவ? அதேதான் உனக்கும். 'கெட்'டைத் தனியாப் புடிச்சு அர்த்தம் கேக்காத. அவன் எழுந்திரிக்கும்போது கேட்ட 'கெட் அப்'பை, எழுந்திரிச்ச அந்த ஆளோட சேத்தே மனசுல போட்டுக்க. அகராதியில எழுந்திரிச்சு நிக்க ஆளு கிடையாது, படத்துல உண்டு.

உன் தங்கச்சியைக் கேளு. அவ சொவத்துல ஏழு பொடியனுக படத்தை ஒட்டி வச்சிருக்கா, பி.டி.எஸ்.ஸாம். சாமி படத்துக்குப் பக்கத்துல ஒட்டிட்டா, நானும் தெனமும் விழுந்து கும்பிடும்போது அவனுகளுக்கும் சேத்துக் கும்பிட்டுக்கிட்டு இருக்கேன். அதுல தலைவன் ஆர்.எம்.னு ஒருத்தன், கொரியாக்காரன். 2017-ல அமெரிக்க டிவியில இங்கிலீஷ்ல பொளந்து கட்டுதான். எங்கப்பா படிச்சன்னு கேட்டா, அம்மா வாங்கித் தந்த 'ஃப்ரெண்ட்ஸ்' நாடகத்து டி.வி.டி.யிலங்கான். மொதல்ல கொரியா எழுத்தோட பாத்தானாம். பொறவு இங்கிலீஷ் எழுத்தோட. பொறவு எழுத்தே இல்லாம. கால்பந்துக் கோச்சா இருந்த யூர்கன் கிளாப், ஜெர்மனிக்காரரு, அவரும் அதே நாடகத்தைத்தான் சொல்லுதாரு. அந்த நாடகம் 10 சீசன், 236 எபிசோடு. ஒண்ணுக்கு 22 நிமிசம்னு வச்சாலும் ஒரு சுத்துக்கு 86 மணி நேரம் ஆகும். மூணு சுத்துன்னா 250 மணிக்கு மேல. நீ என்ன செஞ்ச? நாப்பது படம், நாப்பதும் ஒவ்வொரு தடவை. எல்லா ஊரு திருவிழாவுக்கும் போனவன், ஒரு ஊர்லயும் சம்பந்தம் பண்ணல.

எங்க கொட்டகையில ஒரு சோடாக்காரப் பையன் இருந்தான். படம் பாக்கவே மாட்டான், திரைக்கு முதுகைக் காட்டிட்டுச் சோடா விப்பான். ஆனா ஒரு படம் ஒரு வாரம் ஓடுச்சுன்னா அவனுக்கு வசனம் பூரா அத்துப்படி. எந்த வசனத்துக்குப் பொறவு சனம் சிரிக்கும், எப்ப அழும், எப்பச் சோடா கேக்கும்னு அவனுக்குத் தெரியும். ஒரு தடவை இங்கிலீஷ் சண்டைப் படம் ஒண்ணு வந்துது. கீழ எழுத்துக் கிழுத்து ஒண்ணும் கிடையாது. ஏழாம் நாள் அவன் கதாநாயகன் பேசுததை அப்படியே சொல்லுதான், ஏத்த இறக்கத்தோட. அர்த்தம் தெரியாது. அர்த்தம் உனக்குக் கீழ ஓடுது, வாயி அவனுக்கு இருந்துது. ரெண்டு பேரையும் ஒரே ஆளா ஆக்கியிருந்தா கலெக்டர் ஆயிருப்பான்.

அதனால நான் சொல்லுததைக் கேளு, கேக்காட்டியும் போ. ராத்திரிக்கு ரெண்டு மணி நேரம் பாக்க வேண்டாம். ஒரே நாடகம், பத்து நிமிசம். ஆயிரம் அடி ரீலுன்னு நெனச்சுக்க. மொதல்ல எழுத்தோட பாரு. ஒரு வரி புடிச்சுதுன்னா நிறுத்து. திருப்பிச் சுத்து. அந்த மனுசன் சொன்ன மாதிரியே நீயும் சொல்லு, உரக்க, வெக்கப்படாம. நான் ரீவைண்டர்ல கையால சுத்துவேன், தோள்பட்டை கழண்டு போகும். உனக்குப் பெருவிரலை வச்சாப் போதும், அதுக்கும் சோம்பல். மறுநாள் எழுத்தை மறைச்சுட்டு அதே பத்து நிமிசத்தைக் கேளு. என்ன கேட்டுதுன்னு எழுது. பொறவு எழுத்தை வரவச்சு ஒப்பிடு. அப்பத் தெரியும், நீ இத்தனை நாளும் படம் பாக்கல, படத்துக்குக் கீழ அரையடிதான் பாத்திருக்கன்னு. நேத்து நீ பாத்த படத்துல அந்தப் பொண்ணு என்ன நிறத்துல சட்டை போட்டிருந்தா? சொல்லு பாப்போம். தெரியாது. சட்டையே போட்டிருந்தாளாங்கது மட்டும் தெரியும்.

சரி சரி, முறைக்காத. ராத்திரி ஆச்சு, எனக்குக் கண்ணைச் சொருகுது. போகும்போது அந்த நடைக்கதவைச் சாத்திட்டுப் போ.

...கேட்டுதா? அதுக்கு என்னலே பேரு?

ஆங். க்ரீக். தெரியுதுல்லா? அப்போ காலையில மொத வேலையா அதுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விடு.